திரையின் வலது ஓரம்

என் அப்பாவுக்குக் கண்பார்வை போனது லண்டனில், என் வீட்டில், என் கண் முன்னால். அதைச் சொல்லப் புறப்பட்டால் முதலில் ஒரு சுவீடன் நடிகரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நான்தான். அந்த நடிகரின் முகத்தில் ஒரு நரம்பு அசைந்தாலும் எனக்குத் தெரியும். அப்பாவோடு ஒரே மேசையில் இரண்டு வருடத்துக்கு மேல் சோறு சாப்பிட்டேன், அவருக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்தவன் நான். கிங்ஸ்பரியில் ஒரு வீட்டில் எங்கள் பெடியள் பலரோடு இருப்பு, பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. காலை ஷிப்ட் மத்தியானத்தோடு முடிந்துவிடும். அறைக்குத் திரும்பினால் என் கட்டிலில் இரவு ஷிப்ட்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். கட்டிலுக்கு இருவருக்கும் முறை. ஆகவே பின்னேரம் வரைக்கும் எங்கேயாவது சுற்றித்தான் ஆகவேண்டும். அப்படி ஒருநாள் குளிர் தாங்காமல், நகரத்தின் நடுவில் ஒரு ஒடுக்கமான தெருவில் இருந்த சின்னத் தியேட்டருக்குள் ஒதுங்கினேன். என்ன படம் என்றுகூடப் பார்க்கவில்லை. உள்ளே சூடாக இருந்தது, அது போதும்.

கறுப்பு வெள்ளைப் படம். சுவீடன் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து. நித்திரை கொள்ளலாம் என்றுதான் சாய்ந்தேன். ஒரு தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்கிற மனிதனாக அந்த நடிகர் வந்தார். நெட்டையான உடம்பு, பெரிய காதுகள், அழகன் என்று சொல்லவே முடியாது. அவருடைய தம்பி கடலில் மூழ்கிவிட்டான் என்று ஒருத்தி வந்து சொல்கிறாள். அவர் கையில் பாதி சீவிய உருளைக்கிழங்கு இருக்கிறது. எங்கள் படங்களில் என்றால் இடி இடித்து, வயலின் கதறி, கதாநாயகன் தூணில் தலையை மோதியிருப்பான். இந்த மனிதர் மிச்சக் கிழங்கையும் சீவினார். தண்ணீரில் போட்டார். கத்தியைத் துடைத்து வைத்தார். அதன் பிறகுதான் நாற்காலியைத் தேடினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கிழமை ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அறையில் மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி இருந்து ஊர்ப்பெயர் ஏதும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்க, நான் அந்த உருளைக்கிழங்கை நினைத்துக்கொண்டு கிடந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த கிழமை திரும்பவும் போனேன். குற்ற உணர்ச்சி இல்லாமல் படம் பார்த்த நாள் என் வாழ்க்கையில் இல்லை. அதற்காகப் படம் பார்க்காமல் விட்டதும் இல்லை.

அவர் நடித்த படம் எங்கே போட்டாலும் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு குடிகார டாக்டராக நடித்த படத்தைப் பற்றி நான் அறுத்த அறுவையில் நண்பர்கள் பலர் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து போனார்கள். அதில் அவர் தள்ளாடவே மாட்டார். நாக்குக் குழறாது. கிளாஸை மேசையில் வைக்கும்போது மட்டும் முதலில் விரலால் மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பார். ஒன்றை மறைக்கிற மனிதன் அளவுக்கு மிஞ்சிக் கவனமாக இருப்பான், அந்தக் கவனம்தான் அவனைக் காட்டிக்கொடுக்கும், இதுதான் நடிப்பு என்று நான் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன். நோர்வேயின் வடக்கே மீன் பக்டரியில் வேலை செய்த என் தம்பிக்கும் டெலிபோனில் சொன்னேன். பக்கத்து நாட்டில் இருக்கிறானே, அந்த நடிகரைப் பற்றி ஏதும் தெரிந்திருக்கும் என்று ஒரு நப்பாசை.

"அண்ணை, எனக்கு இஞ்சை கொட் மீனைத் தவிர ஒருத்தரையும் தெரியாது," என்றான் அவன்.

பிறகு கலியாணம் முடிந்து மனைவி வந்து சேர்ந்தாள். கிங்ஸ்பரியிலேயே ஒரு சின்ன வீடு எடுத்தோம். நான் மேல்சட்டையை மாட்டுகிற விதத்திலேயே எங்கே போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். "சுவீடன் மாமாவைப் பாக்கவோ? நான் சுகம் விசாரிச்சதாய்ச் சொல்லுங்கோ," என்பாள். பகிடிதான். ஆனால் அவள் நாள் முழுக்கத் தையல் மெஷினோடு மாரடித்துக்கொண்டிருக்கும்போது நான் இருட்டுக்குள் போய் இருக்கிறேன் என்ற குத்தலும் அதற்குள் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவைக் கூப்பிட்டோம். அம்மா அதற்கு முன்னரே இறந்துபோய்விட்டார். அப்பா கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். அந்தக் காலத்து ஆங்கிலம். எங்களை விடத் திறமாக வாசிப்பார். கொழும்புக்கு வந்து, ஆறு மாத விசாவோடு விமானம் ஏறினார். வந்த பின் பிள்ளையோடு நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்பது என்று திட்டம்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் யார் வந்து இறங்கினாலும், என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக்கூடாது என்று பாடம் எடுக்கிறது ஒரு வழக்கம். விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் வகுப்பு முடிந்துவிட வேண்டும். இந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். மற்றவர்களின் சொந்தக்காரரைக்கூட என்னிடம் கூட்டிவருவார்கள். அப்பாவையும் நான் விடவில்லை. காரில் ஏறிச் சீட் பெல்ட் போட்டவுடனேயே தொடங்கினேன்.

"அப்பா, அனுமதி வருமட்டும் வருத்தம் கிருத்தம் எண்டு ஒருத்தரிட்டையும் வாய் திறக்கக்கூடாது. டொக்டரிட்டைப் போனால் எல்லாம் பதிவாங்கள். வருத்தக்காரன், செலவு வைப்பான் எண்டு தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லினம்."

"சரி தம்பி," என்றார் அப்பா.

இவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு ஊர்ப் புதினங்களுக்குப் போய்விட்டோம். வீடு வருவதற்குள் நான் அதை மறந்தும் போனேன். யாரோ கடையில் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன், அதை ஒருநாளும் விசாரித்துப் பார்த்ததில்லை. பிந்தி, அப்பாவின் அனுமதி விண்ணப்பத்தைப் பார்த்த வழக்கறிஞரிடம் கேட்டபோது, அப்படி ஒன்றும் இல்லை, தகப்பனாருக்கு வருத்தம் இருந்திருந்தால் பிள்ளையோடுதான் இருக்க வேண்டும் என்பதற்கு அது இன்னும் பலமாக இருந்திருக்குமே என்றார்.

அப்பா எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டார். காலையில் முன் அறை ஜன்னலோரம் இருந்து பேப்பரை விரித்து முகத்துக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் வாசிப்பார். மாடிப்படியில் ஏறும்போது சுவரில் ஒரு கை வைத்துத்தான் ஏறுவார். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தால், முதலில் தட்டின் விளிம்பை விரலால் தொட்டு, பிறகுதான் கோப்பையை எடுப்பார். என்ன நிதானமான மனிதர், கச்சேரியில் பழகின ஒழுங்கு என்று நான் பெருமைப்பட்டேன். மனைவி அப்படி நினைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, மாமாக்குக் கண் சரியில்லைப் போலக் கிடக்கு. நேற்று என்ரை பக்கத்தாலை போறார், நான் நிண்டதையே காணேல்லை."

"வயசு போனால் அப்பிடித்தான். அவர் முழுப் பேப்பரையும் வாசிக்கிறார், நீர் வேறை."

"ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. "அப்பா, கண்ணுக்கு ஏதும் கரைச்சலோ?" என்றேன், சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு. "ஒரு கரைச்சலும் இல்லை, நீ வேலைக்குப் போ," என்றார். போனேன்.

அப்பா வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்தச் சின்னத் தியேட்டரில் என்னுடைய நடிகரின் பழைய படங்களை வரிசையாகப் போட்டார்கள். வேலை இல்லாத நாள் ஒன்றில் நான் மேல்சட்டையை எடுக்க, அப்பா ஜன்னலோரம் தனியாக இருந்தார். அவரைக் கடந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். மனம் கேட்கவில்லை. பிள்ளையை நம்பி வந்த மனிதரை நாள் முழுக்கத் தெருவைப் பார்க்க விட்டுவிட்டு, நான் இன்னொரு நாட்டுக் கிழவரைப் பார்க்கப் போகிறேனே என்று இருந்தது. "அப்பா, ஒரு படம் பாக்க வாறியளோ?" என்று கேட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். கோயிலுக்குப் போடுகிற சட்டையை எடுத்துப் போட்டார்.

அன்று போட்டது அந்த நடிகரின் ஆகச் சிறந்த நடிப்பு என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த படம். ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. பல வருடம் பேசாமல் இருந்த மகள் வீட்டுக்கு வருகிறாள். கடைசிக் காட்சியில் திரையின் இடது பக்கத்தில் அவர் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு நிற்பார். வலது ஓரத்தில், கதவடியில், மகள் பெட்டியோடு நிற்பாள். அவள் வந்து நிற்பது அவருக்குத் தெரியும். ஆனால் திரும்ப மாட்டார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் திரும்பவும் துடைப்பார். பேச்சு ஒன்றும் இல்லை. அவள் இருக்கிற பக்கத்துக் கன்னம் மட்டும் மெல்ல இளகிக்கொண்டு வரும். கடைசியில் அவள் போய்விடுவாள், அவர் துடைப்பதை நிறுத்துவார். மகளைப் பார்க்காமல் அவரை மட்டும் பார்த்தால் யாரோ ஒரு கிழவர் ஜன்னல் துடைக்கிறார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் வாயை வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. "எப்பிடி அப்பா?"

"திறமான படம்."

"அந்தக் கடைசிக் காட்சி? மகள் அங்கை நிக்கேக்கை அவர் திரும்பாமல் நிண்டது?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மகள் அங்கை நிண்டவளோ? அவர் தனியத்தானே நிண்டு துடைச்சவர்."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எத்தனையோ வருடமாக நான் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர். என் அப்பாவுக்கு அவரை அறிமுகப்படுத்துகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்தால் இப்படி.

"நித்திரை கொண்டிட்டியள் என்னப்பா?"

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அந்த முகத்தில் சட்டென்று ஒரு தெளிவு வந்தது எனக்கு இப்போதும் ஞாபகம். நல்ல விடை ஒன்று தானாகக் கையில் வந்து விழுந்த பிள்ளையின் முகம்.

"ஓம் தம்பி. கொஞ்சம் கண் அயர்ந்து போச்சு. குறை நினையாதை."

"உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தன் பாருங்கோ, என்னைச் சொல்லவேணும்," என்றேன். தெருவில் வைத்து, சத்தமாக.

வீடு வரும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. நிலக்கீழ் ரயிலுக்கு இறங்குகிற நகரும் படியில் என் மேல்சட்டையின் கையை அவர் பிடித்தார். சமாதானம் பேச வருகிறார் என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன். அவர் கைபிடியைத் தடவிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். கீழே இறங்கியதும் நான் வேகமாக நடந்தேன். பிளாட்பாரத்தில் சனம் நெருக்கிக்கொண்டு நின்றது. சனத்துக்கு நடுவே, வழி விட்டு வழி விட்டு, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கோபம் பிடித்தவனுக்குக் கண் எதற்கு?

அதற்கு அடுத்த வருடம் அப்பாவுக்கு அனுமதி கிடைத்தது. வழக்கறிஞர் வேலை நேரத்தில் டெலிபோன் எடுத்துச் சொன்னார். பின்னேரம் மனைவி பாயசம் காய்ச்சினாள். சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு அப்பாவுக்கு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நோர்வேக்கு டெலிபோன் எடுத்துத் தம்பிக்கும் சொன்னேன். வீடு நல்ல சந்தோஷமாக இருந்தது. அப்பா பாயசத்தை ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, இனி ஒருத்தரும் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்கள்தானே?"

"ஒருத்தராலையும் ஏலாது அப்பா."

"அப்ப என்னை ஒரு கண் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போ. இடது கண் சாடையாயும் தெரியேல்லை. வலதிலை நேர பாத்தால் ஒரு தட்டளவு தெரியும், சுத்திவர ஒண்டுமில்லை. அனுமதி வருமட்டும் சொல்லக்கூடாது எண்டனி. அதுதான் பேசாமல் இருந்தனான்."

மனைவி கையில் இருந்த அகப்பையோடு அப்படியே நின்றாள். நான் "அப்ப அந்தப் பேப்பர்?" என்று கேட்டேன்.

"தலைப்பை மட்டும் ஒவ்வொரு எழுத்தாய்ப் பிடிப்பன். மிச்சம் சும்மா விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறது," என்று அப்பா சிரித்தார். அவருக்குத் தான் செய்த கெட்டித்தனத்தில் உள்ளூரப் பெருமையும் இருந்தது. படத்தைப் பற்றியும் அவரே சொன்னார். அவ்வளவு பெரிய திரையில் ஒரு துண்டுதான் தெரிந்ததாம். சில நேரம் யாருடையதோ சட்டைப் பொத்தான், சில நேரம் வெறும் சுவர். கீழே ஓடுகிற எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது மாறிவிடுமாம். மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்தாராம்.

தேத்தண்ணித் தட்டை விரலால் தொட்டுப் பார்த்ததை நான் எத்தனை தரம் கண்டேன்! ஒன்றை மறைக்கிற மனிதன் அளவுக்கு மிஞ்சிக் கவனமாக இருப்பான் என்று ஊரெல்லாம் அறுத்தவன் நான். என்ன பேச வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான். அவர் ஒரு இடத்திலும் பிசகாமல் செய்து முடித்தார். திறமாகச் செய்தார் என்பதற்காக அவரைப் பாராட்டவா, தலையில் அடித்துக்கொண்டு அழவா? அன்று அழுதேன். குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு.

கண் ஆஸ்பத்திரியில் துளி மருந்து விட்டு, தாடையை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லிப் பார்த்தார்கள். டொக்டர் இளம் பெண். அப்பாவை வெளியே வாங்கில் இருக்க விட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். கண்ணுக்குள் அமுக்கம் கூடி நரம்பைத் தின்னுகிற வருத்தம், வலி இருக்காது, ஓரத்தில் இருந்து மெல்ல மெல்லப் பார்வையை எடுத்துக்கொண்டு வரும் என்றாள். இனி எஞ்சியிருப்பதும் நெடுநாள் நிற்காது. போனது திரும்பாது. வந்த புதிதிலேயே கூட்டிவந்திருந்தால் ஒரு துளி மருந்தாலேயே பெரும்பகுதியைக் காப்பாற்றி வைத்திருக்கலாம் என்றாள். ஏன் இவ்வளவு பிந்தினீர்கள் என்றும் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினேன். பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் கேட்டார்.

"தம்பி, என்னவாம்? வந்தவுடனை காட்டியிருந்தால் கண் தப்பியிருக்குமாமோ?"

நான் நினைத்துப் பார்க்க நேரம் எடுக்கவில்லை. "இல்லை அப்பா. எப்ப காட்டியிருந்தாலும் இதுதானாம். இது வயசாலை வாறது."

"வடிவாக் கேட்டனியோ?"

"வடிவாக் கேட்டனான்."

அப்பா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப சரி. காரிலை நீ சொன்னதைக் கேட்டு நான் பேசாமல் இருந்ததாலைதான் கண் போனது எண்டு நீ நினைச்சு நினைச்சு உருகுவாய் எண்டு எனக்கு ஒரே பயம். இனி அந்த யோசினையை விடு."

"விட்டிட்டன் அப்பா," என்றேன். என் முகம் அந்த நேரம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. குரலை மட்டும் நேராக வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் அப்பா பல வருடம் எங்களோடு இருந்தார். கடைசி வருடங்களில் ஒன்றும் தெரியாது. அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தபோதும், நகம் வெட்டிவிட்டபோதும், கோயிலில் கையைப் பிடித்துச் சுற்றிவந்தபோதும் "என்னாலைதான் அப்பா" என்ற சொல் என் வாய் வரைக்கும் வரும். சொன்னால் அவர் மன்னித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்பதென்றால் முதலில் பஸ் தரிப்பில் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். தன் கண் போனதற்குத் தன் பிள்ளை காரணம் இல்லை என்று நம்பிக்கொண்டு அவர் நிம்மதியாக இருந்தார். ஆகவே நான் கேட்கவே இல்லை.